பெங்களூர் ராக் இரவுகள்: உள்ளூர்க் குழுக்கள் பழைய பாடல்களை வாசிப்பதை எப்படிக் கேட்பது?

அல்சூர்க்காரன் எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். பதினெட்டு ஆண்டுகளாகப் பெங்களூரில் வசித்து வருகிறேன். மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளாவது எம்.ஜி. ரோடு பக்கமோ இந்திராநகர் பக்கமோ போய், உள்ளூர்க் குழு ஒன்று கிளாசிக் ராக் வாசிப்பதைக் கேட்டுவிட்டு வருவது என் வழக்கம். பெரிய பெயர்கள் வந்தபோதும் போயிருக்கிறேன் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் ரோஜர் வாட்டர்ஸ் 2002-இலும் ரோலிங் ஸ்டோன்ஸ் 2003-இலும் இந்த நகரத்துக்கு வந்தபோது நான் திருச்சியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ஆகவே எனக்குத் தெரிந்த ராக் இசை என்பது, பகலில் வங்கியிலோ மென்பொருள் நிறுவனத்திலோ வேலை பார்த்துவிட்டு, இரவு ஒன்பது மணிக்குச் சிறிய மேடையில் ஏறி டீப் பர்ப்பிள், லெட் செப்பலின் போன்ற பழைய ராக் குழுக்களின் பாடல்களை வாசிக்கிற நான்கைந்து பேரின் இசைதான்.

சென்ற மாதம் என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவரை அழைத்தேன். "அசல் பாட்டு என் கைப்பேசியிலேயே இருக்கிறது, நகலைக் கேட்பதற்கு ஐந்நூறு ரூபாய் எதற்கு?" என்று அவர் கேட்டார். அவர் இளக்காரமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. எனக்கும் அந்த நேரத்தில் சரியான பதில் வரவில்லை. "நேரில் கேட்பது வேறு" என்று மட்டும் சொன்னேன். எந்த வகையில் வேறு என்பதை இங்கே பேசலாம் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

ஆறாவது நரம்பு எழுதியது:

இந்தக் கேள்வியை மேடையின் மறுபக்கத்திலிருந்து அறிந்தவன் நான். 1988 முதல் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஒரு குழுவில் கித்தார் வாசித்தேன். அந்நாளில் வெளிநாட்டுக் கித்தார் வாங்குவது எங்களைப் போன்றவர்களால் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். கல்கத்தாவில் செய்யப்பட்ட கிவ்சன் கித்தார்தான் கையில் இருந்தது. பாட்டின் நோட்டுகளை எழுதி விற்பவர் யாரும் கிடையாது. கேசட்டைப் பின்னோக்கி ஓட்டி ஓட்டி, நாடா தேயும் வரை கேட்டு, ஒவ்வொரு சுரமாகப் பிடிப்போம். பிரிகேட் ரோட்டை ஒட்டிய ரெஸ்ட் ஹவுஸ் ரோட்டில் 1989-இல் தொடங்கிய பெக்கோஸ் என்ற மதுக்கூடம் போன்ற இடங்களில் ஒலிநாடாவில் ஓடும் பாட்டைக் கேட்பதற்காகவே உட்கார்ந்திருந்த மாலைகள் உண்டு.

உங்கள் தம்பிக்கு ஒரு செய்தியைச் சொல்லுங்கள். ஸ்டூடியோவில் ஒரு கித்தார்க்காரர் தன் வாசிப்பின் மேலேயே இன்னொரு கித்தாரைப் பதிவு செய்வார், அதன் மேல் மூன்றாவதையும் சேர்ப்பார். ஒரே பாடகர் ஆறு குரலாகப் பாடுவார். மேடையில் இருப்பதோ நான்கு பேர், எட்டுக் கைகள். ஆகவே எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது, விட்டதன் நினைவை எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் குழுவின் முதல் வேலை. குயின் குழுவினரே "போஹீமியன் ராப்சடி" பாடலின் இசைநாடகப் பகுதி வந்ததும் மேடையை விட்டு இறங்கிவிடுவார்கள். அந்தப் பகுதி பதிவிலிருந்து ஓடும். அதன் பிறகே அவர்கள் திரும்பி வந்து வாசிப்பார்கள். பாட்டை இயற்றியவர்களே அப்படிச் செய்திருக்கும்போது, நம் ஊர்ப் பையன்கள் நான்கு பேர் அந்தக் குரல்களைத் தங்களுக்குள் பங்கிட்டுப் பாட முயல்வதை நகல் என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்துவிட முடியுமா?

பீட்டில்ஸ் விஷயம் இன்னும் வியப்பானது. அவர்கள் 1966 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவில் கச்சேரி செய்த பிறகு மேடைப் பயணங்களை நிறுத்திவிட்டார்கள். 1969 ஜனவரியில் லண்டனில் ஒரு கட்டிடத்தின் மொட்டை மாடியில் வாசித்ததைத் தவிர, பிற்காலப் பாடல்களை அவர்கள் மக்கள் முன் கச்சேரியாக வாசிக்கவே இல்லை. அந்தப் பாடல்கள் பலவற்றுக்கு மேடை வடிவம் தந்தவர்கள் மற்ற குழுக்கள்தான்.

மார்கழி ரசிகை எழுதியது:

நான் மயிலாப்பூரில் வளர்ந்தவள். திருமணமாகிப் பெங்களூர் வந்த பிறகு, என் கணவர் அழைத்துச் சென்றுதான் இந்த இசை எனக்கு அறிமுகமாயிற்று. என் மனத்தில் முதல் நாளே எழுந்த ஒப்பீட்டை இங்கே சொல்கிறேன். தியாகராஜர் 1847-இல் மறைந்தார். அவருடைய கீர்த்தனைகளை இன்றும் ஒவ்வொரு சபாவிலும் பாடுகிறார்கள். பாடுபவரைப் பார்த்து "இது உங்கள் பாட்டு இல்லையே" என்று யாரும் கேட்பதில்லை. சாகித்யம் அவருடையது, பாடுகிறவருடைய நிரவலும் சுரமும் பாடுகிறவருடையது. அவ்வாறே கித்தார்க்காரர் பாட்டின் நடுவில் எட்டு ஆவர்த்தனம் தனியாக வாசிக்கும்போது நான் சுரப் பிரஸ்தாரத்தைக் கேட்கிற காதோடுதான் கேட்கிறேன். டிரம்ஸ் தனியாக ஒலிக்கும்போது தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்து போகிறவர்களைப் போலவே இங்கும் சிலர் எழுந்து போகிறார்கள். அப்போது எனக்கு இரண்டு ஊர்களிலும் ஒரே வருத்தம்தான்.

சொந்தப்பாட்டு எழுதியது:

நல்ல ஒப்பீடுதான். ஆனாலும் அதில் ஒரு விரிசல் இருக்கிறது. அதைப் பேசாமல் கடந்துபோகக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

தியாகராஜர் பாடிய ஒலிப்பதிவு எதுவும் கிடையாது. அவருடைய கீர்த்தனை சீடர் பரம்பரையின் வழியாக வந்தது. ஆகவே ஒவ்வொரு பாடாந்தரத்துக்கும், அதாவது ஒவ்வொரு பரம்பரையும் பாடுகிற வடிவத்துக்கும், அதற்குரிய மதிப்பு உண்டு. ராக் பாட்டுக்கோ ஒலிப்பதிவே மூலம். 1971-இல் பதிவான ஒரு கித்தார் தனிவாசிப்பைக் கேட்பவர் ஆயிரம் முறை கேட்டிருக்கிறார். உள்ளூர்க் கித்தார்க்காரர் அதில் ஒரு சுரத்தை மாற்றினால் முன் வரிசையில் இருப்பவர் முகத்தைச் சுளிக்கிறார். மாற்றாமல் வாசித்தால்தான் கைதட்டல் கிடைக்கிறது. மனோதர்மத்துக்கு, அதாவது வாசிப்பவரின் சொந்தக் கற்பனைக்கு, இடம் தராத கூட்டத்தின் முன் வாசிப்பவரைக் கச்சேரி வித்வானோடு ஒப்பிடுவது எப்படிப் பொருந்தும்?

இன்னொன்றும் இருக்கிறது. நானும் நண்பர்களும் சொந்தமாகப் பாட்டு இயற்றி வாசிக்கிறோம். ஒரு சிற்றரங்கத்தில் (பெயர் வேண்டாம்) சனிக்கிழமைக்குக் கேட்டபோது, பழைய பாட்டு வாசிக்கும் குழுவுக்குத்தான் சனிக்கிழமை, சொந்தப் பாட்டுக்குச் செவ்வாய்க்கிழமை என்றார்கள். செவ்வாயன்று பதினோரு பேர் வந்தார்கள். அவர்களில் நால்வர் எங்கள் குடும்பத்தினர். அன்று இரண்டாவது பாட்டு முடிந்ததும் பின்னாலிருந்து ஒருவர் ஈகிள்ஸ் பாட்டின் பெயரைச் சொல்லிக் கத்தினார். பாடகியின் கை நடுங்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தெர்மல் அண்ட் எ குவார்ட்டர் 1996 முதல் இதே நகரத்தில் சொந்தப் பாடல்களை வாசித்து நிலைபெற்ற குழு. அந்தப் பாதை அவர்களுக்குப் பிறகு வந்தவர்களுக்கு எளிதாகிவிடவில்லை. நீங்கள் எல்லோரும் கொண்டாடுகிற சனிக்கிழமை இரவுகள் அதற்கு ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆறாவது நரம்பு எழுதியது:

அந்தக் கையின் நடுக்கம் எனக்குத் தெரியும். நீங்கள் சொல்வதில் பாதியை மறுக்க மாட்டேன்.

மறு பாதிக்கு என் பதில் இதுதான். பீட்டில்ஸின் முதல் நீள இசைத்தட்டு 1963-இல் வந்தது. அதிலுள்ள பதினான்கு பாடல்களில் ஆறு பிறர் எழுதியவை. அதற்கு முன் ஹாம்பர்க் நகரத்து விடுதிகளில் இரவு முழுக்கப் பிறர் பாடல்களை வாசித்துத்தான் கை தேறினார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பெயரே அமெரிக்கப் பாடகர் மடி வாட்டர்ஸின் பாட்டு ஒன்றிலிருந்து எடுத்தது. 1964-இல் வந்த அவர்களுடைய முதல் தட்டில் பெரும்பகுதி அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் பாடல்கள். பிறர் பாட்டை வாசிக்கும் இரவு ஒரு பள்ளிக்கூடம். அதை மூடிவிட்டால் சொந்தப் பாட்டுக்கு ஆள் எங்கிருந்து வருவார்கள்?

ஆனால் பள்ளிக்கூடத்திலேயே கடைசி வரை இருந்துவிட்ட குழுக்களும் உண்டு. என் குழு அவற்றில் ஒன்று. நாங்கள் நான்கு பாட்டுகள் எழுதினோம், நான்கையும் மேடையில் வாசிக்கத் துணியவில்லை. இப்போது அதற்காக வருந்துகிறேன்.

அல்சூர்க்காரன் எழுதியது:

சொந்தப்பாட்டு அவர்களின் பதிவு என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் நான் ஒருமுறைகூட இருந்ததில்லை என்பதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

மாற்றாமல் வாசித்தால்தான் கைதட்டல் என்பது எல்லா இரவுகளுக்கும் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. ப்ளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசையைச் சார்ந்த பாடல்களில் கூட்டம் தாராளமாக இடம் தருகிறது. பன்னிரண்டு பாரில் (பார் என்பது ஒரு தாளச் சுற்று) அமைந்த அந்த வடிவம் ஓர் ஆதி தாளக் கட்டமைப்பைப் போலக் கேட்பவரின் உடம்பிலேயே ஊறிவிடுவதால், அதன் மேல் வாசிப்பவர் எங்கே போனாலும் நாமும் கூடப் போக முடிகிறது. மாறாக, பிங்க் ஃப்ளாய்ட் பாட்டில் கித்தாரின் எதிரொலி எந்த இடைவெளியில் திரும்ப வர வேண்டும் என்பதுகூட நம் காதில் பதிந்துவிட்டது. ஆகவே அங்கே மாற்றத்தைப் பொறுக்க மாட்டோம். நல்ல குழுக்கள் இதை அறிந்தே இரவின் மூன்று செட்டுகளையும் (இடைவேளை விட்டு வாசிக்கும் பகுதிகளை) அமைக்கின்றன. முதல் செட்டில் பதிவை ஒட்டி வாசித்து நம்பிக்கையைப் பெறுகிறார்கள், இரண்டாவதில் மெல்லத் தளர்த்துகிறார்கள், மூன்றாவதில், பாதிக் கூட்டம் வீட்டுக்குப் போன பிறகு, தங்களுக்காகவே வாசிக்கிறார்கள். என்னைக் கேட்டால், ஐந்நூறு ரூபாயும் அந்த மூன்றாவது செட்டுக்காகத்தான்.

ஒலிப்பலகை எழுதியது:

பன்னிரண்டு ஆண்டுகளாக ஒலியமைப்பாளராக வேலை செய்கிறேன். நீங்கள் எல்லோரும் பாட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள், பாட்டு ஒலிக்கும் அறையைப் பற்றி யாரும் பேசவில்லை. இரவு நன்றாக அமைந்ததா இல்லையா என்பதில் பாதி அந்த அறையின் கையில்தான் இருக்கிறது.

சிறிய அறையில் ஒலியின் அளவை முடிவு செய்பவர் டிரம்ஸ் வாசிப்பவர். அவருடைய ஸ்னேர் முரசுக்கும் தாளத்தட்டுகளுக்கும் மைக் தேவையில்லை. அவர் முழுக் கையோடு அடித்தால் கித்தார்க்காரர் ஆம்பை (கித்தாரின் ஒலிபெருக்கியை) ஏற்றுவார். பழைய வகை வால்வு ஆம்ப் நன்றாக ஏற்றினால்தான் அந்தக் கனிந்த கரகரப்பைத் தரும் என்பதால், அவருக்கும் அதில் ஆசை உண்டு. இருவரும் ஏறிய பிறகு பாடகருக்குத் தன் குரலே கேட்காது. மானிட்டரை (மேடையில் தன்னை நோக்கி வைத்த ஒலிபெருக்கியை) ஏற்றச் சொல்லுவார், மைக் ஊளையிடும். கூட்டத்தினர் ஒருவரோடொருவர் பேசுவதற்கும் கத்துவார்கள். கடைசியில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள், அந்த நேரத்தில் நான் செய்யக்கூடியது மிகக் குறைவு.

இதற்குத் தீர்வு மேடையிலிருந்தே தொடங்க வேண்டும். டிரம்ஸுக்குக் கீழே கம்பளம் விரிப்பது, தடித்த குச்சிகளுக்குப் பதில் மெல்லிய குச்சிக்கட்டுகளைப் பயன்படுத்துவது, ஐம்பது வாட் ஆம்புக்குப் பதில் பதினைந்து வாட் ஆம்பைக் கொண்டுவந்து அதை நன்றாக ஏற்றி வாசிப்பது ஆகியவை பெரும் வேறுபாட்டைத் தரும். நான் மதிக்கிற குழு ஒன்று ஒத்திகையையே பாடகரின் குரல் மைக் இல்லாமல் கேட்கும் அளவில்தான் செய்கிறது. மேடையில் அவர்கள் வாசிப்பதைக் கேட்டால் பேஸ் கித்தாரின் ஒவ்வொரு சுரமும் தெளிவாக விழும்.

கேட்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. அமெரிக்கத் தொழிற்சுகாதார அமைப்பின் பரிந்துரைப்படி 85 டெசிபெல் ஒலியை எட்டு மணி நேரம் வரை தாங்கலாம். அதன் மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபெல்லுக்குப் பதினைந்து நிமிடம்தான். நெரிசலான அறையில் நல்ல ராக் குழு இந்த அளவை எளிதாக எட்டிவிடும். உலக சுகாதார அமைப்பு 2022-இல் அரங்குகளுக்கு வெளியிட்ட நெறிமுறையில், பதினைந்து நிமிடச் சராசரி 100 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது என்றும், காதடைப்பான்களை அரங்கத்தினரே வைத்திருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் போதும். இசைக்கென்றே செய்த அடைப்பான் கிடைத்தால் மேல் சுரங்கள் மங்காமல் கேட்கும். வீடு திரும்பிய பிறகு காதில் ரீங்காரம் இருந்தால் அது காது அளவுக்கு மீறி உழைத்ததற்கான அறிகுறி. என் இடது காதில் அது நான்கு ஆண்டுகளாக நிற்கவில்லை. மேடைக்கு அருகே நிற்காமல் ஒலிப்பலகைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். நாங்கள் அங்கே கேட்டுத்தான் எல்லாவற்றையும் சமன் செய்கிறோம்.

கடைசி மெட்ரோ எழுதியது:

பெண்ணாகத் தனியே இந்த இரவுகளுக்குப் போய்வருகிறவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஒன்பது மணிக்கு என்று அறிவித்துவிட்டு பத்தே காலுக்குத் தொடங்கினால், பதினோரு மணியளவில் போய்விடும் கடைசி மெட்ரோவைப் பிடிக்க நான் முதல் செட்டின் நடுவிலேயே எழ வேண்டியிருக்கிறது. அல்சூர்க்காரன் புகழ்கிற மூன்றாவது செட்டை நான் இதுவரை இரண்டு முறைதான் கேட்டிருக்கிறேன். ஏழரை மணிக்குத் தொடங்கும் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிகளில் பாருங்கள், பெண்களும் பிள்ளைகளோடு வருகிறவர்களும் எவ்வளவு கூடுகிறார்கள் என்று. நேரத்தை முன்னால் கொண்டுவருவதற்குப் பணம் ஒன்றும் செலவாகாது.

ஆறாவது நரம்பு எழுதியது:

நேரத்தைப் பற்றிப் பேச்சு எழுந்ததால், இடங்களே இல்லாமல் போன காலத்தையும் புதியவர்கள் அறிந்திருக்க வேண்டும். கர்நாடகத்தில் "லைவ் பேண்ட்" என்ற சொல்லுக்கு நீண்ட காலம் வேறொரு பொருள் இருந்தது. பெண்கள் ஆடும் மதுக்கூடங்களையே அந்தப் பெயரால் அழைத்தார்கள். அவற்றைக் கட்டுப்படுத்த 2005-இல் பெங்களூர்க் காவல் ஆணையர் பிறப்பித்த ஆணை, கேபரே, டிஸ்கோத்தே ஆகியவற்றோடு லைவ் பேண்ட் இசைக்கும் உரிமம் வேண்டும் என்றது. அதை எதிர்த்த வழக்கில் 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆணை செல்லும் என்று தீர்ப்பளித்தது. அந்த ஆண்டின் நடுப்பகுதியில் காவல்துறை உரிமம் கேட்கத் தொடங்கியதும், நாற்காலியில் உட்கார்ந்து கித்தார் வாசித்த ஒற்றை ஆளும் அந்தச் சொல்லுக்குள் வந்துவிட்டார். உரிமத்துக்குக் கட்டிடம் பயன்பாட்டுக்கு ஏற்றது என்ற சான்றும் தீயணைப்புத் துறையின் சான்றும் தேவைப்பட்டன. பல கட்டிடங்களுக்கு அவை இல்லை. எத்தனையோ இடங்களில் மேடையை அகற்றி மேசைகளைப் போட்டுவிட்டார்கள். இந்திராநகரில் பலரும் விரும்பிய ஹம்மிங் ட்ரீ 2019-இல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு தொற்று வந்தது. என் பழைய டிரம்ஸ்காரர் அந்த இரண்டு ஆண்டுகளில்தான் தன் தாளத்தட்டுகளை விற்றார்.

தீச்சான்று கேட்பதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஒரே படிக்கட்டு உள்ள மாடியில் இருநூறு பேரை அடைத்து வாசித்தவன் நான், அது சரியில்லை என்று இன்று தெரிகிறது. இரண்டு வெவ்வேறு தொழில்களை ஒரே சொல்லால் அழைத்ததில்தான் கோளாறு.

மழைமலை எழுதியது:

வேலை காரணமாக ஆறு ஆண்டுகள் ஷில்லாங்கில் இருந்தவன். அங்கே லூ மஜாவ் என்ற பாடகர் 1972 முதல் ஒவ்வொரு ஆண்டும் மே 24 அன்று அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் பிறந்தநாளைக் கச்சேரியாகக் கொண்டாடி வருகிறார். பிறர் பாட்டைப் பாடுவதால் அவரை யாரும் நகல் என்று சொல்லிக் கேட்டதில்லை. அதே ஊரின் சோல்மேட் குழு 2003 முதல் ப்ளூஸ் வாசிக்கிறது, பெரும்பாலும் சொந்தப் பாடல்கள். இரண்டுக்கும் ஒரே கூட்டம்தான் வருகிறது. பாட்டிகள் பேரப்பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்து கேட்பதைப் பார்த்திருக்கிறேன். தேவாலயப் பாடகர் குழுவில் சிறு வயதிலிருந்தே சேர்ந்து பாடிப் பழகியவர்கள் என்பதால், பின்குரல்கள் சேரும் இடத்தில் கூட்டமே சேர்ந்து பாடிவிடும்.

மார்கழி ரசிகை எழுதியது:

விரிசல் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன், சொந்தப்பாட்டு அவர்களே. இருந்தாலும் சபாக் கச்சேரியின் அமைப்பிலிருந்து ஒன்றைக் கடன் வாங்கலாமே? வர்ணத்தில் தொடங்கி துக்கடாவில் முடிகிற வரிசையில், கேட்பவருக்குத் தெரியாத அபூர்வ கிருதி ஒன்றையாவது பாடகர் வைக்கிறார். தெரிந்ததற்கும் தெரிந்ததற்கும் நடுவில் வைப்பதால் அது காதில் நிற்கிறது. பழைய பாட்டு வாசிக்கும் குழு ஒவ்வொரு செட்டிலும் இன்னொரு உள்ளூர்க்காரரின் சொந்தப் பாட்டு ஒன்றை வாசித்து, இயற்றியவரின் பெயரையும் அறிவித்தால் என்ன?

சொந்தப்பாட்டு எழுதியது:

எங்கள் பாட்டை வேறொரு குழு வாசிக்கும் என்று நாங்கள் யோசித்ததே இல்லை. அப்படி ஒன்று நடந்தால் செவ்வாய்க்கிழமையைப் பற்றி நான் மீண்டும் பேச மாட்டேன்.

அல்சூர்க்காரன் எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். சென்ற செவ்வாயன்று சொந்தப் பாட்டு வாசிக்கும் இளைஞர் குழு ஒன்றைக் கேட்கப் போனேன். பதினேழு பேர் இருந்தோம். மூன்றாவது பாட்டின் பேஸ் இன்னும் என் தலையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

சனிக்கிழமை அந்தத் தம்பியும் என்னோடு வந்தார். ஒலிப்பலகை அவர்கள் சொன்னபடி நுரை அடைப்பான்களோடு ஒலியமைப்பாளர் பக்கத்தில் நின்றோம். மூன்றாவது செட்டில், பதினொன்றரைக்கு மேல், பீட்டில்ஸ் 1967-இல் நாற்பது பேர் கொண்ட வாத்திய இசைக்குழுவை வைத்துப் பதிவு செய்த "எ டே இன் த லைஃப்" பாட்டை இவர்கள் ஐந்து பேர் எடுத்தார்கள். அந்த நாற்பது பேரும் கீழ்ச்சுரத்திலிருந்து மேல்நோக்கி ஏறுகிற இடத்தை ஒரு கித்தாரும் ஒரு கீபோர்டும் மட்டும் ஏற வேண்டியிருந்தது. டிரம்ஸ்காரர் தட்டுகளைத் தொடாமல் கீழே உள்ள பெரிய முரசை மட்டும் உருட்டினார். பேஸ்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

கடைசி மெட்ரோ போய்விட்டதால் அல்சூர் வரை நடந்தோம். கித்தார் மிகச் சீக்கிரம் ஏறிவிட்டது, கீபோர்டுக்காக இன்னும் நான்கு பாராவது காத்திருந்திருக்க வேண்டும் என்றார் தம்பி. காத்திருந்தால் முரசு அடங்கியிருக்கும் என்றேன் நான். டிரினிட்டி வட்டத்தைத் தாண்டியும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த முறை அதே பாட்டை எடுப்பார்களா என்று பேஸ்காரரிடமே கேட்டுவிடலாம் என்று இருக்கிறோம்.